பலகாரச் சுவைப் புளிப்பு பீர்: கோலாலம்பூரில் நிதானமாகச் சுவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் கிராஃப்ட் பீர், அதாவது சிறு நிறுவனங்கள் காய்ச்சும் பீர், விற்கும் கடைகளின் குளிர்பெட்டியைத் திறந்தால், மாம்பழ லஸ்ஸி, ராஸ்பெரி சீஸ்கேக், எலுமிச்சை பை, தேங்காய் ஐஸ்கிரீம் என்று பலகாரக் கடையில் காண வேண்டிய பெயர்கள் பீர் டின்களில் அச்சாகியிருக்கும். பேஸ்ட்ரி சவர் என்பது இவற்றின் வகைப்பெயர். பழக்கூழ், பால் சர்க்கரை, வெனிலா, பட்டை, சில சமயம் பிஸ்கட் தூள் எல்லாம் சேர்த்துக் காய்ச்சப்பட்ட புளிப்பு பீர் இது. இதில் வலுவான ரகங்கள் 8 முதல் 10 சதவீத ஆல்கஹால் வரை போகும். சாதாரண பீரில் இருப்பது 5 சதவீதம்தான்.

இந்த ரகத்தை டின் டின்னாகக் குடிப்பது வீண், ஆபத்தும்கூட. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரு டின்னைப் பகிர்ந்து, ஒவ்வொரு மிடற்றையும் கவனித்துச் சுவைக்க வேண்டும். அப்படிக் கவனிக்கும்போது எடை போட வேண்டியது இனிப்பை அன்று, புளிப்பை. இனிப்பை யாரும் கொட்டிவிடலாம். அந்த இனிப்பைத் தாங்கி நிற்கும் அளவுக்குத் தெளிவான புளிப்பைக் கொண்டுவருவதில்தான் காய்ச்சியவரின் கைத்திறன் இருக்கிறது.

புளிப்பு எங்கிருந்து வருகிறது

முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் இனிப்புச் சாற்றில் முதலில் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவை விடுகிறார்கள். பாலைத் தயிராக்கும் குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணுயிர் அது. ஏறக்குறைய 35 முதல் 45 டிகிரி வெப்பத்தில் ஓரிரு நாள் வைத்தால் சாறு புளித்துவிடும். பிறகு கொதிக்கவைத்துப் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு, ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிடுகிறார்கள். பலகார ரகங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன. புளித்த சாற்றில் ஈஸ்ட் திணறும். ஆல்கஹால் ஏற ஏற இன்னும் திணறும். வலுவான புளிப்பு பீரைச் சுத்தமாகக் காய்ச்சுவது கடினம் என்பதற்குக் காரணம் இதுவே.

பால் சர்க்கரையான லாக்டோஸை பீர் ஈஸ்ட்டால் உண்ண முடியாது. அதனால் அது அப்படியே தங்கி, குழைவைத் தருகிறது. அதன் இனிப்பு நாம் வீட்டில் பயன்படுத்தும் சர்க்கரையின் இனிப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். டின்னில் நீங்கள் உணரும் இனிப்பில் பெரும்பகுதி பழக்கூழிலிருந்தும், வெனிலாவின் மணம் மூளைக்குச் சொல்லும் செய்தியிலிருந்தும் வருகிறது.

புளிப்பு பீரில் இனிப்பைக் கலப்பது புதிய வழக்கமும் அன்று. பெர்லின் நகரத்தின் பெர்லினர் வைஸ என்ற மெல்லிய புளிப்பு பீரை ராஸ்பெரி பாகு ஊற்றிப் பருகுவது அங்கே பழைய பழக்கம். உப்பும் கொத்தமல்லி விதையும் சேரும் கோஸ என்ற ரகம் ஜெர்மனியின் கோஸ்லாரில் தோன்றி லைப்சிக்கில் நிலைத்தது. சுவீடனின் ஓம்னிபொல்லோ நிறுவனம் அந்த கோஸயை எடுத்துத்தான் பியாங்கா என்ற பெயரில் மாம்பழ லஸ்ஸி பீரைக் காய்ச்சியது. லஸ்ஸியில் உப்பும் புளிப்பும் இனிப்பும் ஒன்றாக இருப்பது நமக்குத் தெரிந்த சங்கதிதானே.

நமக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. தென்னம்பாளையிலிருந்து சொட்டும் பதநீர் சட்டியில் விழுந்த உடனேயே காற்றிலுள்ள ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் சேர்ந்து வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்தில் அது இனிப்பும் புளிப்பும் கலந்த கள்ளாகிவிடும். ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோருக்கு அந்தச் சுவை நன்றாகத் தெரியும். அதனால் குடும்பங்கள் பட்ட பாடும் தெரியும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். மலேசியத் தமிழர் ஒருவர் மதுவைப் பற்றி எழுதும்போது இதை மறந்து எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். சிறிய அளவு, மெதுவான வேகம், கூட்டாகப் பகிர்தல் என்று கீழே திரும்பத் திரும்ப நான் வலியுறுத்துவது இதனால்தான்.

முதல் படி: டின்னைப் படித்து வாங்குதல்

முதலில் பார்க்க வேண்டியது ஆல்கஹால் சதவீதம். 440 மில்லி டின்னில் 9 சதவீதம் என்றால் உள்ளே சுமார் 31 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. இங்கே விற்கும் 320 மில்லி சாதாரண பீர் டின் இரண்டரைக்கு அது சமம். பழச்சுவை அதை முழுக்க மறைத்துவிடும். மலேசியாவில் பீருக்கான கலால் வரி அதிலுள்ள ஆல்கஹாலின் அளவைப் பொறுத்தது என்பதால் வலுவான டின்னின் விலையும் ஏறித்தான் இருக்கும். ஆறு பேர் பகிர்ந்துகொள்ள இதுவும் ஒரு நல்ல காரணம்.

அடுத்து, பொருட்களின் பட்டியல். லாக்டோஸ் பாலிலிருந்து வருவது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் லாக்டோஸ் சேர்க்காத பழ ரகத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மார்ஷ்மெல்லோ சேர்த்த பீரில் சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. வேர்க்கடலை, பாதாம், பிஸ்கட் என்று ஒவ்வாமைக்கு உரியவையும் இந்தப் பட்டியலில் ஒளிந்திருக்கும். விருந்தினரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, தேதியும் சேமிப்பும். பழ மணம் விரைவில் மங்கிவிடும் என்பதால் டின்னில் அடைத்து மூன்று நான்கு மாதத்துக்குள் உள்ளதை எடுங்கள். குளிர்பெட்டிக்கு வெளியே அலமாரியில் நிற்கும் டின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பழக்கூழ் நிறைந்த டின்னில் நொதிக்காத சர்க்கரை மிச்சமிருக்கும். நம் ஊர் வெப்பத்தில் உறங்கிக் கிடக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு மறுபடி நொதிக்கத் தொடங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், டின் வெடிக்கவும் கூடும். அடியோ மேலோ உப்பியிருக்கும் டின்னை வாங்காதீர்கள். வீட்டில் அப்படி ஒன்றைக் கண்டால் சுவைக்க நினைக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

வயது விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017 டிசம்பர் முதல் மலேசியாவில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: வீடு வரை குளிர்ச்சி

குளிர்காப்புப் பையும் ஐஸ் கட்டியும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். காரின் பின்பெட்டிச் சூட்டில் கிடந்தால் பழ மணம் கெடத் தொடங்கிவிடும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கத்தில் நிமிர்த்தி வையுங்கள். கதவுப் பக்கம் திறந்து மூடும்போதெல்லாம் சூடாகும்.

மூன்றாம் படி: நாக்கைப் பழக்குதல்

பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிற படி இது. என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானதும் இதுதான். டின்னைத் திறப்பதற்கு முந்தைய நாள், அல்லது அன்று காலையிலேயே, ஐந்து சின்னக் கிண்ணங்களில் ஐந்து புளிப்புகளை எடுத்து வையுங்கள். புளிக்கவிட்ட தயிரின் மேல் தெளிந்து நிற்கும் நீர். லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை பிழிந்த நீர். புளிக் கரைசல். பச்சை ஆப்பிள் துண்டு. நன்றாக நீர் சேர்த்த வினிகர். ஒவ்வொன்றாகத் தொட்டுச் சுவைத்து, நடுவில் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிடுங்கள்.

தயிர்நீரில் இருப்பது லாக்டிக் அமிலம். அது மெதுவாக வந்து, வாய் முழுக்கப் பரவி, வட்டமாக நிற்கும். லிமாவ் கஸ்தூரியின் சிட்ரிக் அமிலம் பளிச்சென்று வந்து சட்டென்று போய்விடும். புளியின் டார்டாரிக் அமிலத்தோடு ஒரு துவர்ப்பும் சேர்ந்து வந்து கன்னத்தின் உள்பக்கத்தை இறுக்கும். ஆப்பிளின் மேலிக் அமிலம் நீளமாக நிற்கும். வினிகர் நாக்கைத் தொடுவதற்கு முன்பே மூக்கில் ஏறிவிடும்.

இனி பீரைச் சுவைக்கும்போது உங்களால் பிரித்துச் சொல்ல முடியும். அடியில் ஓடும் தயிர்ப் புளிப்பு பாக்டீரியா தந்தது. மேலே பளிச்சிடுவது பழம் தந்தது. வினிகர் நெடி லேசாக வந்தாலும் இந்த ரகத்தில் அது குறைதான். ரசத்தில் புளி கூடிவிட்டதா, தக்காளி கூடிவிட்டதா என்று ஒரு கரண்டியிலேயே சொல்லிவிடுகிற அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கூர்மை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை இந்தப் பக்கம் திருப்பினால் போதும்.

நான்காம் படி: இடம், நேரம், கோப்பை

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்த கையோடு சுவைக்க உட்காராதீர்கள். மிளகாய்க் காரம் நாக்கை மரக்கச் செய்யும். வெறும் வயிறும் கூடாது. இரண்டு மணி நேரம் முன்பு இட்லியோ வெறும் சோறும் பருப்புமோ சாப்பிட்டிருந்தால் சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட வீட்டில் வேறு நாளைப் பாருங்கள். மல்லிகைச் சரம், அத்தர், ஊதுபத்தி எல்லாம் மூக்கின் வேலையைக் கெடுக்கும். ஏர்கண்டிஷனரை 24 டிகிரியில் வைத்தால் கோப்பை சீக்கிரம் சூடாகாது.

கீழே அகன்று மேலே குறுகும் சிறிய ஒயின் கோப்பை போதும். சோப்பு வாடை இல்லாமல் வெறும் நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். உறைபெட்டியில் வைத்து எடுத்த கோப்பை கூடாது, அந்தக் குளிரில் மணம் எழாது. மேசையில் அறை வெப்பத்திலுள்ள தண்ணீர், உப்புக் குறைந்த கிரீம் கிராக்கர், துப்புவதற்கு ஆளுக்கொரு மங்கு ஆகியவை இருக்கட்டும். துப்புவதில் கூச்சம் வேண்டாம். ஒயின் சுவைப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அன்றாடம் செய்வது அதுதான்.

முஸ்லிம் நண்பர்கள் வந்து போகிற வீடாக இருந்தால் இதற்கென்று தனிக் கோப்பைகளை ஒதுக்கி வையுங்கள். மாநகர் மன்றம் 2017-இல் ஒரு பீர் திருவிழாவுக்கு அனுமதி மறுத்த நகரம் இது. மது இங்கே உணர்வு சார்ந்த விஷயம். வீட்டுக்குள் சிறு வட்டமாக, ஆரவாரம் இல்லாமல் கூடுவதே எல்லோருக்கும் மரியாதை.

ஐந்தாம் படி: வரிசையும் ஊற்றுதலும்

ஒரு மாலைக்கு நான்கு டின்களுக்கு மேல் வேண்டாம். முதலில் பலகாரப் பொருள் எதுவும் சேராத ஒரு எளிய கோஸயோ பெர்லினர் வைஸயோ இருக்கட்டும். புளிப்பு தனியாக எப்படி இருக்கும் என்று நாக்குக்குக் காட்டுவதற்காக அது. அடுத்து மெல்லிய பழ ரகம், பிறகு வெனிலா அல்லது தேங்காய் சேர்ந்தது. பட்டையோ மிளகாயோ சேர்ந்ததைக் கடைசியில் வையுங்கள், அதற்குப் பின் எதுவும் எடுபடாது.

பழக்கூழ் அடியில் தங்கியிருக்கும். டின்னை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி மறுபடி நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். கழுவுதொட்டியின் மேல் பிடித்துத் திறங்கள். ஆளுக்கு 60 முதல் 70 மில்லி. நான்கு ரகமும் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், ஆளுக்கு 60 மில்லி வீதம் மொத்தம் 15 கிராம் ஆல்கஹாலோடு முடிந்துவிடும். மிச்சமிருந்தால் டின்னை ஐஸ் தண்ணீரில் வைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: பார்த்து, முகர்ந்து, சுவைத்து

நுரை நிற்கவில்லை என்று மதிப்பைக் குறைக்காதீர்கள். இந்த ரகங்களில் நுரை பெரும்பாலும் நிற்காது. நிறத்தைக் கவனியுங்கள். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி ரகங்கள் பழுப்போடிப் போயிருந்தால் காற்றுப் பட்டோ நாள்பட்டோ கெட்டிருக்கலாம்.

முகரும்போது நீளமாக இழுக்காமல் குட்டிக் குட்டியாக மூன்று நான்கு முறை இழுங்கள். முதலில் பழம் வரும். கொஞ்சம் பொறுத்தால் அதன் அடியில் பிஸ்கட் போன்ற மால்ட் மணம் (முளைகட்டிய பார்லியின் மணம்), அதற்கும் அடியில் தயிர். வெனிலா மட்டுமே வந்து வேறெதுவும் வரவில்லை என்றால் அந்த பீரை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

முதல் மிடறு வாயைத் தயார் செய்ய மட்டும். அதை வைத்து எதையும் சொல்லாதீர்கள். இரண்டாவது மிடற்றை நாக்கு முழுக்கப் பரவவிட்டு ஐந்து விநாடி வைத்திருங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிக்கூடப் படத்தில் பார்த்ததை மறந்துவிடுங்கள். எல்லாச் சுவையும் நாக்கில் எல்லா இடத்திலும் தெரியும். எது முதலில் வந்தது, எது கடைசியில் நின்றது என்று நேரத்தை மட்டும் கவனியுங்கள்.

மூன்றாவது மிடற்றில் ஒரு சோதனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு எடுங்கள். இப்போது தெரியும் இனிப்புதான் உண்மையான சர்க்கரை. மூக்கை விட்டதும் இனிப்பு பொங்கி எழுந்ததுபோல் இருந்தால், அது வெனிலாவும் பழ மணமும் செய்யும் வேலை. நன்றாகக் காய்ச்சிய பீரில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். சர்க்கரை குறைவாகவும் மணம் நிறைவாகவும் இருக்கிறது என்பது அதன் பொருள். மூக்கைப் பிடித்தபோதே திகட்டினால் காய்ச்சியவர் சர்க்கரையை நம்பியிருக்கிறார்.

பிறகு ஆல்கஹாலைத் தேடுங்கள். புளிப்பும் சுடும், ஆல்கஹாலும் சுடும், இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். புளிப்பின் கடி வாய்க்குள்ளேயே இருந்து எச்சிலை ஊறவைக்கும். ஆல்கஹாலின் சூடு தொண்டையைத் தாண்டி நெஞ்சில் இறங்கும், மூச்சை வெளியே விடும்போது மூக்கில் தெரியும். 9 சதவீத பீரில் இந்தச் சூடு கொஞ்சமாவது தெரிவதை நான் குறையாக நினைப்பதில்லை. அது நமக்குக் கிடைக்கும் நேர்மையான எச்சரிக்கை.

கடைசி மிடற்றைக் கால் மணி நேரம் கழித்து எடுங்கள். 6 டிகிரியில் ஊற்றியது அதற்குள் 12 டிகிரியைத் தாண்டியிருக்கும். குளிர் இனிப்பை மட்டுப்படுத்தும், சூடு ஏற ஏற இனிப்பு வெளியே வரும். குளிரில் அழகாக இருந்த பல பீர்கள் இந்தக் கட்டத்தில் பாகாகிவிடும். விழுங்கிய பின் வாய் தண்ணீரைக் கேட்கிறதா, இன்னொரு மிடற்றைக் கேட்கிறதா? இதற்கான பதில்தான் தீர்ப்பு.

குறைகளைக் கண்டறிதல்

குழந்தை கக்கிய பால் வாடை வந்தால் அது பியூட்டிரிக் அமிலம். புளிக்கவைக்கும் கட்டத்தில் வேண்டாத பாக்டீரியா புகுந்ததன் அடையாளம். வெண்ணெய் தடவிய பாப்கார்ன் மணம் வந்தால் அது டயாசெட்டில் என்ற சேர்மம், அதுவும் குறைதான். சீஸ்கேக் என்று எழுதிய டின்னில் இதை வேண்டுமென்றே சேர்த்ததாக நினைத்துவிடாதீர்கள். ஈரமான அட்டை வாடை காற்றுப் பட்டதன் விளைவு.

இவற்றையெல்லாம்விட நுட்பமானது எலிக்கூண்டு வாடை. முகரும்போது தெரியாது, வாயில் இருக்கும்போதும் தெரியாது. விழுங்கிப் பத்து இருபது விநாடி கழித்து, எச்சில் அந்தப் புளிப்பைத் தணித்த பிறகுதான் எழும். அதற்குக் காரணமான சேர்மங்களில் ஒன்றுதான் பாண்டான் இலைக்கும் பாஸ்மதி அரிசிக்கும் மணம் தருவது. ஆகவே பாண்டான் சேர்த்த பீரில் மணம் முதலிலேயே வந்ததா, விழுங்கிய பின் பின்வாசல் வழியாக வந்ததா என்று பாருங்கள். முதலில் வந்தால் இலை, பின்னால் மட்டும் வந்தால் பழுது.

உடன் எதைச் சாப்பிடலாம்

பலகாரச் சுவை பீருக்குப் பலகாரம் வைப்பதுதான் முதலில் தோன்றும். வைக்காதீர்கள். பீரைவிட இனிப்பான எதையும் அதோடு தின்றால் பீரின் இனிப்பு மறைந்து, புளிப்பு மட்டும் ஒல்லியாக நிற்கும். குலாப் ஜாமூனும் லட்டும் இதனால் தோற்றுப்போகும். முறுக்கு, ஓமப்பொடி, உப்புச் சீடை, மசால் வடை ஆகியவை வெகு பொருத்தம். உப்பும் எண்ணெயும் புளிப்பைத் தணித்துப் பழத்தை முன்னே கொண்டுவரும். குலா மெலாக்கா என்ற தென்னை வெல்லப்பாகு குறைவாக ஊற்றிய செண்டோல் ஒரு விதிவிலக்கு. தேங்காய்ப்பாலும் உப்பும் இருப்பதால் தேங்காய் ரகத்தோடு சேரும்.

டுரியான் பருவத்தில் ஒரு வார்த்தை. டுரியானும் மதுவும் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். டுரியானிலுள்ள கந்தகச் சேர்மங்கள், உடல் ஆல்கஹாலைச் சிதைக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியைத் தடுப்பதை ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் ஆய்வுக்கூடச் சோதனையில் கண்டார்கள். மனித உடலில் எந்த அளவுக்கு என்பது வேறு கேள்வி. ஆனாலும் அந்த இரண்டையும் வெவ்வேறு நாளில் வைத்துக்கொள்வதில் நமக்கு என்ன நட்டம்?

குறிப்பு எழுதுதல்

நட்சத்திரம் போடும் செயலிகளைவிட ஒரு பழைய நோட்டுப்புத்தகம் மேல். டின்னின் பெயரை மறைத்து, ஒருவர் மட்டும் சமையலறையில் ஊற்றி எண் போட்டுக் கொண்டுவரட்டும். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. ஒருவர் "மாம்பழம்" என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் மாம்பழம்தான் தெரியும். என்ன புளிப்பு, எந்த நேரத்தில் வந்தது, சூடான பின் என்ன ஆயிற்று என்று மூன்று வரி போதும். "பழுத்த மாம்பழம்" என்று எழுதாமல் ஹாரும் மானிஸா, கிளிமூக்கா, வெயிலில் காய்ந்த மாங்காய் வற்றலா என்று எழுதிப் பழகுங்கள். ஆசாம் போய், நெல்லிக்காய், ஜாதிக்காய்ச் சாறு என்று பினாங்கும் கோலாலம்பூரும் நமக்குத் தந்திருக்கும் சுவைகளையே அளவுகோலாக வையுங்கள்.

முடிந்த பிறகு

நீரிழிவு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், மதுவோடு சேரக் கூடாத மருந்து எடுப்பவர்களும் முகர்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது.

துப்பிச் சுவைத்தவர்கூட வண்டி ஓட்டக் கூடாது. 2020 அக்டோபர் முதல் 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதே சட்ட வரம்பு, முன்பு அது 80. வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்று மனக்கணக்குப் போடாமல் கிராப் வண்டியையோ எல்ஆர்டி ரயிலையோ முன்பே முடிவு செய்துவிடுங்கள். பினாங்கு நண்பர்களுக்கு எல்ஆர்டி வசதி இல்லை என்பதால் அங்கே தங்க வைத்து அனுப்புவதே மேல்.

இந்த பீர்களின் புளிப்பு பல்லின் மேற்பூச்சை மென்மையாக்கும். உடனே பல் துலக்கினால் அது தேய்ந்துபோகும். வெறும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துத் துலக்குங்கள். காலி டின்களை அன்றிரவே அலசிவிடுங்கள், பழக்கூழ் காய்ந்தால் காலையில் எறும்பு வரிசை கட்டிவிடும்.